‘ம்’ கொட்டினால்தான் கதை

பிள்ளைகளே, என் அக்கா, உங்கள் அத்தை நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் சொந்தபந்தங்கள் எல்லாரும் படிப்பார்கள் என்றாலும், உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். எனக்கும் பெரிய படிப்பு கிடையாது. அதனால் சின்னச் சின்னதாகவே எழுதியிருக்கிறேன்.

அத்தை பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கைக்குழந்தையாக மும்பைக்கு, தாராவிக்கு வந்தவர். எங்கள் அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, சட்டைக்குப் பொத்தான் தைக்கும் கார்கானாவில் சேர்ந்தார். என்னை வளர்த்தது அவர்தான். பள்ளிக்கூடம்தான் நின்றதே தவிர வாசிப்பு நிற்கவில்லை. தமிழ்க்கடையில் பருப்பு கட்டித் தரும் காகிதத்தைக்கூட நீவி விட்டு வாசிப்பார். அதில் பாதிக் கதைதான் இருக்கும். மீதியை அவரே உண்டாக்கி மறுநாள் கார்கானாவில் சொல்லுவார்.

கதை கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். அதுதான் அவருடைய ஒரே சட்டம். பெண்கள் ஊசியும் கையுமாக வரிக்கு வரி ‘ம்’ சொல்லுவார்கள். சத்தம் குறைந்தால் கதை நின்றுவிடும். “எவடி தூங்குதவ? அவள எழுப்புங்க, பொறவு சொல்லுதேன்” என்பார்.

வானொலியில் பெண்கள் நிகழ்ச்சிக்குக் கதை சொல்ல ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தப் பெண்கள்தான் அத்தையைப் பிடித்துத் தள்ளினார்கள். நான் துணைக்குப் போனேன். டாக்சியில் வழியெல்லாம் கதையின் முதல் வரியையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எவ்வளவு ஆசைப்படுகிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கண்ணாடி அறைக்குள் அவரை மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். வெளியே, நிகழ்ச்சியை நடத்தும் மாட்டுங்காக்கார மேடம் ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைச் சொன்னார். நிறுத்தினார். மேடம் தன் மைக்கில் கேட்டார்:

“ஏன் நிறுத்திட்டேள்?”

“நீங்க ‘ம்’ கொட்டலையே.”

“ரேடியோல யாரும் ‘ம்’ கொட்டமாட்டா. நீங்க பாட்டுக்குச் சொல்லிண்டே போகணும்.”

“கேக்காவளா, எந்திரிச்சுப் போயிட்டாவளான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

மறுபடி சொல்லிப் பார்த்தார். இரண்டாவது வரியில் மறுபடி நின்றார். மேடம் ஹெட்போனைக் கழற்றி, “சொல்லி அனுப்பறோம்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கும் தெரியும்.

அத்தை எழுந்திருக்கவில்லை. “ஒரேயொரு தடவ. என் தம்பிய உள்ள விடுங்க” என்றார்.

சத்தமே வரக்கூடாது என்று சொல்லி என்னை உள்ளே விட்டார்கள். நான் அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து பலமாகத் தலையை ஆட்டினேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

“தலைய ஆட்டுனா எனக்கு எப்படில கேக்கும்?”

“அக்கா, சத்தம் வரக்கூடாதாம்க்கா.”

“நல்லா வந்து வாய்ச்சியே” என்று சொல்லிவிட்டு, வந்தது வரட்டும் என்று ஆட்டுக் கதையை ஆரம்பித்தார். புதுப்பெண் ஒருத்தி தன் ஆட்டோடு லோக்கல் ரயிலில் ஏறிவிடுகிறாள். டிக்கெட் பரிசோதகர் வருகிறார். அவசரத்துக்கு ஆட்டின் மேல் சேலையைப் போர்த்தி, முக்காடு போட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, “என் மாமியார், மேலுக்குச் சுகமில்லை” என்கிறாள். பரிசோதகர் குனிந்து, “அம்மா, உங்க டிக்கெட்?” என்று கேட்கிறார். மாமியார் மெதுவாக வாயைத் திறக்கிறாள்.

அங்கே அத்தை நிறுத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே இருந்த ஸ்பீக்கரில் மேடத்தின் குரல் கேட்டது.

“ம்... அப்புறம்?”

அத்தை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடமும் சிரித்தார். ஆடு என்ன சொன்னது என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆயிரம் தடவை கேட்டிருக்கிறீர்கள்.

அதற்கப்புறம் கடைசி வரைக்கும் வாராவாரம் அத்தையின் கதை வந்தது. வரிக்கு வரி ஒரு சின்ன இடைவெளி விடுவார். மேடம் அதை வெட்ட விடவில்லை. ஒரு நாள் நான் கேட்டேன்:

“யாரும் இல்லாத ரூமுல யாருக்குக்கா காத்திருக்க?”

“அவியவிய வீட்டுல ‘ம்’ கொட்டுதாவல்லா, அதுக்குத்தான்.”

“அது உனக்குக் கேக்குமாக்கும்?”

“கேக்காமலா அடுத்த வரிக்குப் போறேன்?”

நான் நம்பவில்லை. கேலிதான் செய்தேன்.

போன வருடம் நெஞ்சுவலி வந்து சயான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அத்தை சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கட்டில் மராத்திக்கார அம்மாவுக்குத் தனக்குத் தெரிந்த இந்தியில் கதை சொன்னார். சிரித்த முகமாகவே போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், மாறி மாறிச் சோறு கொண்டுவந்த கார்கானாப் பெண்களுக்கும், வானொலி மேடத்துக்கும், கூடவே நின்ற நம் தெருக்காரர்களுக்கும் நம் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கும் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் டோம்பிவிலியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். நமக்கு உறவில்லை, முன்பின் பார்த்ததும் இல்லை. எப்படிப் பழக்கம் என்று கேட்டேன்.

“நான் அவங்களைப் பார்த்ததே இல்லைங்க. வாராவாரம் அடுப்படியில நின்னு ‘ம்’ சொல்லுவேன். நான் சொன்ன பிறகுதான் அவங்க அடுத்த வரியைச் சொல்லுவாங்க” என்றார்.