தடம் விடாத பென்டிரைவ்

கருமத்தம்பட்டியில் ஒரு தறிப்பட்டறையில் நஞ்சுண்டன் சூப்பர்வைசர். வயது நாற்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை. காரணம் கேட்டால் ஊர் ஜாதகத்தைச் சொல்லும், ஜோசியர் பெண்வீட்டாரைச் சொல்வார். நஞ்சுண்டனை யாரும் கேட்டதில்லை.

ஒருமுறை பட்டறைக் கம்ப்யூட்டரில் வரன் தேடும் தளத்தைத் திறந்துவிட்டார். மறுநாள் கணக்கெழுதும் பிரவீனா நூல் விலை பார்க்க உட்கார்ந்தால், பக்கத்துக்குப் பக்கம் கல்யாண விளம்பரம்.

"ஏனுங்ணா, மண்டபம் புக் பண்ணிப்போட்டீங்களா? எங்களுக்குச் சொல்லவே இல்லீங்க."

தறி ஓட்டுகிறவர்கள் வரை ஒரு வாரம் சிரித்தார்கள்.

அதன்பிறகுதான் பென்டிரைவ். அதற்குள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, பைக் சாவியோடு கோத்துக்கொண்டார். கைப்பேசி வீட்டில் அண்ணன் பிள்ளைகளின் பொதுச்சொத்து. இது ஒன்றுதான் அவருடையது. பிரவீனா சாப்பிட வீட்டுக்குப் போனதும் அதைச் செருகி, கம்ப்யூட்டரை அதிலிருந்தே கிளப்புவார். அவள் திரும்புமுன் அணைத்து உருவிவிடுவார். அவர் வந்துபோனது ஹார்ட் டிஸ்குக்குக்கூடத் தெரியாது. தடமே இல்லாமலிருக்க அவர் பட்ட பாடெல்லாம், தன்னை ஒருத்தி தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக.

கண்டுபிடித்தாள். காங்கேயத்துப் புவனா எழுதியிருந்தாள்: "ஞாயித்துக்கிழமை வேற இடத்துல பேசி முடிக்கப் போறாங்க. அதுக்குள்ள உங்க பதில் தெரியணுங்க."

சனிக்கிழமை மதியம் முழுக்கப் பதில் எழுதினார். இருபது வருஷமாகத் தறிச் சத்தத்தில் கத்தியே பேசியவருக்கு மெதுவாகச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அனுப்பத் துணிவு வரவில்லை. சாயங்காலம் இன்னொருமுறை படித்துவிட்டு அனுப்பலாமென்று டெஸ்க்டாப்பில் சேமித்தார். வாசலில் பிரவீனாவின் ஸ்கூட்டிச் சத்தம். பழக்கதோஷம், அணைத்து உருவினார்.

சாயங்காலம் அவள் கிளம்பியபின் செருகினால், டெஸ்க்டாப் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அணைத்ததும் எதையும் நினைவில் வைக்காதே என்று பென்டிரைவுக்குச் சொல்லிவைத்தவர் அவரேதான். மறுபடி எழுத உட்கார்ந்தார். முதல் வரியே வரவில்லை. முதலாளி பூட்டுச்சாவியோடு வந்து நின்றார்.

ஞாயிறு பட்டறை லீவு. அண்ணன் பிள்ளைகள் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்க அவருக்கு ஒரு காரணம் தோன்றவில்லை.

திங்கட்கிழமை, பிரவீனா இருக்கும்போதே, பென்டிரைவ் இல்லாமல் எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"மதிப்பிற்குரிய புவனா அவர்களுக்கா? ஏனுங்ணா, பேங்குல லோன் கேக்கறீங்களா?"

"சிரிச்சது போதும் அம்மணி. நீயே திருத்திக் குடு."

திருத்திக் கொடுத்தாள். அனுப்பினார். சற்று நேரத்தில் பதில் வந்தது: "நேத்தே முடிவாயிருச்சுங்க. ஒரு நாள் முன்னால சொல்லியிருக்கலாமுங்க."

மறுநாள் திரை முழுக்கக் கல்யாண விளம்பரம். பிரவீனா ஒவ்வொன்றாக மூடினாள். அவள் சிரித்திருக்கலாமே என்று நஞ்சுண்டனுக்கு இருந்தது.