கிரகணத்தன்று வெட்டிய கப்பல்

விழுப்புரத்தில் ஏது கப்பல்? ரயில்தான். என் வீட்டுக்காரர் ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் இருந்தார். எக்ஸ்பிரஸ் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் கிடுகிடுக்கும். அந்த வீட்டில் படுத்துக்கொண்டு நான் ஒரு போர்க்கப்பல் கட்டினேன் என்றால், எங்கள் சொந்தத்தில் இன்றுவரை யாரும் நம்புவதில்லை.

கட்டியது காகிதத்தில். எண்பதாம் வருஷம். அதற்கு முன்னால் எனக்கு இரண்டு தங்கவில்லை. மூன்றாவது தரித்ததும் டாக்டரம்மா, குடம் தூக்காதே, குனியாதே, முடிந்தவரை படுத்தே இரு என்று சொல்லிவிட்டார். படுத்திருப்பவளுக்குப் பயப்படுவதைத் தவிர என்ன வேலை? வயிற்றில் சுருக்கென்றால் போச்சு என்று நினைப்பேன். சுருக்கென்று எதுவும் இல்லாவிட்டால், ஏன் ஒன்றுமே தெரியவில்லை என்று அதற்கும் பயப்படுவேன். கொல்லைப்பக்கம் போய்வரும்போதெல்லாம் புடவையைப் பார்ப்பேன். வந்து படுத்த பிறகு, சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி எழுந்து போவேன்.

என் பேஜாரைப் பார்க்கச் சகிக்காமல்தான் வீட்டுக்காரர் ஒருநாள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அவருடைய சிநேகிதர் ஒருவர் கோட்டக்குப்பத்துக்காரர். அந்தச் சிநேகிதரின் அண்ணன் துபாயிலிருந்து பிள்ளைகளுக்கு வாங்கிவந்தது. பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. புத்தகம் பரண் ஏறி, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. கெட்டித்தாளில் பக்கம் பக்கமாக ஒரு கப்பலின் பாகங்கள். வெட்டி, மடித்து, எண்ணுக்கு எண் சேர்த்து ஒட்டவேண்டும். அதில் இருந்த எழுத்து என்ன பாஷை என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. எண்ணும் அம்புக்குறியும் போதுமாக இருந்தது.

பழைய காலத்துக் கப்பல். பாய்மரமும் இருந்தது, புகைபோக்கியும் இருந்தது. மர உடம்பின் மேல் இரும்புத் தகட்டைப் போர்த்தியிருப்பார்கள், பீரங்கிக் குண்டு பட்டாலும் தெறித்துப் போய்விடும் என்று அவர் எங்கேயோ படித்துவந்து சொன்னார்.

"உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆவாதா?" என்று கேட்டேன்.

"ஆவாது. அதுக்குத்தானே இரும்பு."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன்.

முதுகுக்குத் தலையணை, மடியில் பலகை, கையில் பாதியாக ஒடித்த சவர பிளேடு. மடிக்கவேண்டிய கோட்டை மை தீர்ந்த பேனா ரீஃபிலால் அழுத்திக் கீறிக்கொண்டால் தாள் சொன்ன பேச்சைக் கேட்கும். மைதா பசை போட்டால் ஊறி நெளிந்துவிடும், கோந்துதான் சரி. கொடிமரத்தை ஈர்க்குச்சியின் மேல் சுருட்டுவேன். பீரங்கிக் குழாயைக் கோணி ஊசியின் மேல் சுருட்டுவேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டும்போது பயம் கொஞ்சம் விலகி உட்காரும். பிளேடைக் கீழே வைத்தால் உடனே வந்துவிடும். அதனால் வைக்கமாட்டேன்.

ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அந்த மாசி மாதத்துச் சூரிய கிரகணம் வந்தது. ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. வெறுங்கண்ணால் பார்த்தால் கண் போய்விடும், பிள்ளைத்தாய்ச்சி ஜன்னலைக்கூடத் திறக்கக் கூடாது, கத்தி, ஊசி, அரிவாள்மணை எதையும் தொடக் கூடாது. தொட்டு எதையாவது வெட்டினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும். இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். திண்டிவனத்திலிருந்து அம்மா ஆள் மூலமாகச் சொல்லியனுப்பியிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா காலையும் மாலையும் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

கிரகணம் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என்று எல்லாரும் சொன்னார்கள். அது சூரியன் பெரும்பாலும் மறைகிற உச்ச நேரம். பிடிக்க ஆரம்பிப்பது அதற்கு வெகுநேரம் முன்பே என்பது எனக்குத் தெரியவில்லை. கிரகணம் என்றால் விளக்கை ஊதி அணைப்பது மாதிரி ஒரேயடியாக வரும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்காரர் ஸ்டேஷனில். சாப்பாடு முடிந்து எவ்வளவோ நேரம் இருக்கிறதே என்று, சாத்திய ஜன்னலின் இடுக்கில் வந்த வெளிச்சத்தில் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு வேலை கப்பலின் பக்கவாட்டுச் சுவர். பீரங்கிகள் மூக்கை நீட்டுகிற சின்னச் சின்னத் துவாரங்களை வரிசையாக வெட்டிக்கொண்டு போனேன். வெளிச்சம் மங்கலாயிற்று. மேகம் போல என்று பலகையை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்த்தினேன்.

தெருவில் ஒரு சத்தமும் இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை. அது வித்தியாசமாகப்பட்டு நிமிர்ந்தபோது அக்கா கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இன்னா பண்ணிக்கினு கீற நீ? புடிச்சி எம்மா நேரம் ஆவுது!"

என் கையில் பிளேடு இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், மடியில் கிடந்த தாளைப் பார்த்தாள். அப்புறம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிளேடை என் விரல்களிலிருந்து பிரித்து எடுத்து மூலையில் போட்டுவிட்டு, என்னைச் சுவரோரம் படுக்கவைத்து, வயிற்றின் மேல் தன் முந்தானையைப் போர்த்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கிரகணம் விடும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

விட்டதும் தலைமுழுக வைத்தாள். "உங்கம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாத. ஒண்ணும் ஆவாது," என்றாள். ஒன்றும் ஆகாது என்று அவள் சொன்ன குரலில் எனக்கு மிச்சமிருந்த தைரியமும் போயிற்று.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். "பேப்பரை அறுத்தா புள்ளைக்கு இன்னா ஆவும்? சூரியனுக்கு வேற வேல இல்லையா?" அன்றைக்குத் தான் ஸ்டேஷனில் பென்சில் சீவியதாகவும், எத்தனையோ கர்ப்பிணிகள் ரயிலில் வெங்காயம் அரிந்திருப்பார்கள் என்றும் சொன்னார். ஆனால் எனக்குக் கிளியனூர் பஸ் நிறுத்தத்தில் எப்போதோ பார்த்த ஒரு பிள்ளையின் முகமே கண்முன் நின்றது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. அந்தப் பிள்ளை தன் அம்மா இடுப்பில் இருந்தபடி நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள்தான் அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்கள். இப்போது என்னையும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று தோன்றியது. அதைவிட, என் பிள்ளையை அப்படிப் பார்ப்பார்களே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கப்பலை அதன்பிறகு நான் தொடவில்லை. அவர் அதை அலமாரியின் மேல்தட்டில் துணி போட்டு மூடி வைத்துவிட்டார். இப்போது பிள்ளை வயிற்றில் நன்றாக உதைத்தது. முன்பெல்லாம் ஓர் அசைவுக்காகத் தவம் கிடந்தவள், இப்போது உதைக்க உதைக்க அழுதேன். தங்கிவிட்டது, ஆனால் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? ஒரே ஆறுதல் அவர்தான். நான் நடுங்குவதும் அவர் கேலி செய்வதுமாக நாட்கள் ஓடின. வீட்டில் ஒருவராவது பயப்படாமல் இருக்கிறாரே என்று, அந்தக் கேலியைக் கேட்பதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்பேன்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் புறப்படும் காலையில், துணிமணி எடுக்க அலமாரியைத் திறந்தேன். அவர் ஜட்கா கூட்டிவரப் போயிருந்தார். என்னவோ தோன்றி, மேல்தட்டுத் துணியை விலக்கிக் கப்பலின் பக்கச் சுவரைக் கையில் எடுத்தேன். துவாரங்களைக் காணோம். ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து ஒரு துண்டுத்தாள் ஒட்டி, முன்பக்கம் பிளேடு பட்ட தடம் தெரியாமல் கோந்து தடவி, அதே கறுப்பில் மை தீட்டி மூடியிருந்தது. ஒன்றுவிடாமல் எல்லாம். அவருக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் வராது. விரல் ரேகை விழுந்து, மை வழிந்து, கோணல்மாணலாக இருந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்து செய்தாரோ!

அத்தனை நாளும் அவர் சிரித்ததெல்லாம் எனக்காகத்தான். பயப்படாத ஒருவர் எங்கள் வீட்டில் இல்லவே இல்லை. தாளை இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன். வண்டி வந்தது. அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; பேசினால் இரண்டு பேரும் உடைந்துபோவோம்.

திண்டிவனத்தில் எனக்கு வலி எடுத்தது ஒரு விடியற்காலை. எல்லாரும் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். நான் மட்டும் உதடு, உதடு என்று வேண்டிக்கொண்டேன். வெயில் ஏறும்போது பிள்ளை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"பொம்பளப் புள்ளைம்மா. பாரு," என்றாள் நர்ஸ்.

நான் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பொட்டப்புள்ளைன்னா மூஞ்சத் திருப்பிக்குவியா? நீ மட்டும் இன்னா ஆம்பளையா? நல்லா இருக்குது நியாயம்!"

வார்டு முழுக்கக் கேட்கிற குரல். அம்மா வேறு, "அப்படிலாம் இல்லீங்க, வலி மயக்கம்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். நர்ஸ் கோபத்தோடு பிள்ளையை என் பக்கத்தில் கிடத்திவிட்டுப் போனாள். நான் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினேன். கன்னம். முகவாய். விரலை மெல்ல மேலே நகர்த்தினேன். கீழுதடு. மேலுதடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. மூக்கின் அடிவரை தடவினேன். மறுபடி முதலிலிருந்து தடவினேன். என்ன தோன்றியதோ, அது என் விரலைக் கவ்விக்கொண்டு சப்ப ஆரம்பித்தது. அப்போதுதான் கண்ணைத் திறந்தேன்.

சேதி போய், அவர் விழுப்புரத்திலிருந்து வந்துசேர சாயங்காலம் ஆகிவிட்டது. வேர்க்க விறுவிறுக்க வந்தவர் என்னைக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையின் மேலிருந்த துணியை விலக்கி, வாய்க்கு நேரே குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

நர்ஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "சரியான ஜோடிதான். பொட்டப்புள்ளைன்னு அப்பன்காரன் ஒப்பாரி வைக்கிறதப் பாரு," என்றாள். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் எங்களைக் காறித் துப்பாத குறையாகப் பார்த்தார்கள்.

"ஆமாங்க, பொம்பளப் புள்ளைங்க," என்று தலையை ஆட்டி ஆட்டி அவளிடம் சொல்லிக்கொண்டே அவர் இன்னும் அழுதார். எனக்குத் தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரிப்பு வந்தது.