கந்தர்வக்கோட்டைக்கு இரண்டு படி கேழ்வரகு மாவு

ஐம்பதுகளில், மழை பொய்த்த இரண்டாம் ஆண்டு, சித்திரை மாதம். கந்தர்வக்கோட்டைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட என் தங்கை சவரியம்மாளிடமிருந்து கார்டு வந்தது. அவளுடைய இரண்டு வயது மகள் ரீத்தாவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லையாம்; எதைக் கொடுத்தாலும் தங்கவில்லையாம்.

நான் அப்போது ஆவூரில் டீச்சர். அங்கிருந்த நர்சம்மாவிடம் யோசனை கேட்டேன். "கேழ்வரகு மாவக் கரைச்சு, ஒருநாள் புளிக்க வச்சு, நல்லாக் காய்ச்சிக் குடுங்க. புளிச்சா லேசா செரிக்கும். தானியத்துல இருக்குற இரும்புச் சத்தும் ஒடம்புல சேரும்" என்றார். இரண்டு படி மாவு கட்டிக்கொண்டேன்.

புதுக்கோட்டையில் காலை ஏழரைக்குப் பஸ். சுமார் இருபது மைல்தான். என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு இடத்தில் நிறுத்தியதில் இரண்டு மணி நேரம் ஆயிற்று. (ஜன்னலோரம் உட்காராதீர்கள், புழுதி.) "கையில தண்ணி வச்சிருக்கீங்களாம்மா? அங்கிட்டுக் கம்மாயெல்லாம் வெடிச்சுக் கெடக்கு" என்றார் கண்டக்டர். இறங்கி, முந்திரிக் காடுகளுக்கு நடுவே மூன்று மைல் நடந்தேன்.

தங்கை வீட்டுக்காரர் கூலி தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தார். பிள்ளை அழவில்லை. அழத் தெம்பில்லை.

"கூழைப் புளிக்க வச்சுக் குடுக்குறியாடி?" என்றேன்.

"மிஞ்சினாத்தானேக்கா புளிக்க வைக்க? கெடைக்கிற ஒரு கை மாவு கரைச்ச கையோட காய்ச்சித் தீந்துருது."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அன்றே மாவைக் கரைத்து மூடி வைத்தேன். சித்திரை வெயிலுக்கு மறுநாள் காலையிலேயே நுரைத்துப் புளித்திருந்தது. காய்ச்சி ஆற்றிக் கொடுத்தோம். ரீத்தா நாலு கரண்டி குடித்தாள். தங்கியது. அதற்கடுத்த நாள் அரை டம்ளர் குடித்துவிட்டு என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

புறப்படும்போது சவரியம்மாள் பிள்ளையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். "ஒங்கூடக் கூட்டிட்டுப் போக்கா. ஒடம்பு தேறுனதும் நானே வந்து தூக்கிக்கிறேன்."

"திங்கக்கெழம பரீட்சை ஆரம்பம்டி. முடிச்சிட்டு வாரேன். மாவுதான் இருக்குல்ல?"

மாவு பத்து நாளில் தீர்ந்துபோனது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பசியோடு வந்து நின்றால் அவள்தான் என்ன செய்வாள்? மறுபடியும் கிடைத்ததை வேகவைத்துக் கொடுத்திருக்கிறாள், மறுபடியும் வயிற்றுப்போக்கு. பரீட்சைத் தாள்களைக் கட்டி வைத்துவிட்டு நான் கிளம்ப இருந்த அன்று கார்டு வந்தது. அடக்கமே முடிந்துவிட்டிருந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ஏழரை பஸ்ஸை விட்டால் மதியம்தான் அடுத்தது. குடையும் தண்ணீரும் அவசியம். புளித்த கேழ்வரகைப் பற்றி நர்சம்மா சொன்னது உண்மை, கண்ணால் பார்த்தேன். ஆனால் அதன் பலன் பானையில் மாவு இருக்கும்வரைதான். அப்படியொரு வாசலில் உங்களிடம் பிள்ளையை நீட்டினால் பரீட்சையைக் காரணம் சொல்லாதீர்கள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.