கலையாத கமிட்டிகளின் நாடு

வீட்டில் அவருக்கு நிதியமைச்சர் என்று பெயர். வைத்தவள் மனைவி. மனிதர் மூன்று வருடமாகக் கணினியில் ஒரு நாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆயிரம் குடிமக்கள், வரி, வட்டி, விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம், எல்லாம் உண்டு. விளையாடுகிறவர் நாட்டை நடத்த வேண்டும். தலைக்கு இவ்வளவு வருமானம் என்ற இலக்கைத் தொட்டால் வெற்றி. பிழைப்புக்குப் புள்ளிவிவர அலுவலகத்தில் இருபத்திரண்டு வருட உத்தியோகம். விளையாட்டை முடிப்பதற்காகச் சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருந்தார்.

அந்த விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியிலிருந்து ஆடிப் பார்க்க ஆள் வருகிறது. பிடித்தால் வாங்குவார்கள். பிடிக்காவிட்டால் இவர் பழையபடி அட்டவணை நிரப்பப் போக வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய ஆசை ஒன்று அவருக்கு உள்ளூர இருந்தது. அந்த ஆயிரம் பேருக்காக யாராவது ஒருத்தர் ஒரு நிமிடமாவது கவலைப்பட வேண்டும். ஆடிப் பார்த்த சொந்தபந்தமெல்லாம் பத்தாவது நிமிடத்தில் கொட்டாவி விட்டு எழுந்து போயிருந்தது. மனைவிக்கு மனசில் ஒன்று வாயில் ஒன்று கிடையாது. "ஏங்க, வட்டி ஏறினா எனக்கென்ன, இறங்கினா எனக்கென்ன?" என்று கேட்டேவிட்டாள்.

வியாழக்கிழமை மனைவியின் அண்ணன் வந்தார். பெரிய ஆபீஸில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அரை மணியில் திரையில் 'வெற்றி' என்று வந்தது. அதுவரை அந்த நாட்டில் ஒருவரும் ஜெயித்ததில்லை, படைத்தவர் உட்பட.

"எப்படி மச்சான்?"

"விலை ஏறுச்சா, ஒரு கமிட்டி போட்டேன். மழை இல்லையா, ஒரு கமிட்டி. ரெண்டும் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க இன்னொரு கமிட்டி. இதென்ன பெரிய வித்தையா மாப்பிள்ளை?"

நிதியமைச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கமிட்டிப் பொத்தானை அவர் ஒப்புக்குத்தான் வைத்திருந்தார். அழுத்தினால் பத்துப் பேர் நல்ல சம்பளத்தில் உறுப்பினர் ஆவார்கள். அறிக்கை கொடுத்ததும் கமிட்டி கலைய வேண்டும் என்று எழுத மறந்தே போனார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கமிட்டி கலைந்து அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆக, கொத்தனார், வைத்தியர், மீனவர் எல்லாரும் கமிட்டியில் போய் உட்கார்ந்துவிட, தலைக்கு வருமானம் எகிறி, தானியக் களஞ்சியம் காலியாவதற்குள் நாடு ஜெயித்துவிட்டது.

திருத்தப் பார்த்தார். கமிட்டிகளைக் கலைத்தால் ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் வேலையில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். கணினி மூச்சுவிடாமல் நின்றுபோனது. மூன்று முறை முயன்றுவிட்டுக் கையை விரித்தார்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். கால் மணி நேரத்தில் அந்தப் பொத்தானைப் பிடித்துவிட்டாள். அப்புறம் சிரிப்புதான். "சார், கமிட்டியக் கண்காணிக்கிற கமிட்டியக் கண்காணிக்க ஒரு கமிட்டி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கு மானம் போயிற்று. மனைவியிடம் போய், "திங்கக்கிழமை ஆபீஸுக்கு வெள்ளைச் சட்டைய எடுத்து வை" என்றார்.

திரும்பி வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. கமிட்டிக்கு வெளியே மிச்சம் பத்தே பேர்; பத்துப் பேரும் விவசாயிகள். இன்னும் ஒரே அழுத்தில் வெற்றி. அவளோ கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அழுத்துங்க, ஜெயிச்சிடுவீங்க" என்றார் அவர், சுரத்தில்லாமல்.

"தெரியும் சார். ஆனா இவங்களும் போயிட்டா, மத்தவங்கல்லாம் என்னத்தச் சாப்பிடுவாங்க?"

மூன்று வருடத்தில் அந்த ஆயிரம் பேரைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தயவுசெஞ்சு எதையும் திருத்திடாதீங்க சார். இப்படியே நாங்க வாங்கிக்கிறோம்" என்றாள் அவள்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா" என்றார் நிதியமைச்சர். "முதல்ல களஞ்சியத்துல தானியம் எத்தனை நாளைக்கு வரும்னு பாருங்க."