கோமதி வாசிக்க, நான் ஆமாங்க சொல்ல

கோமதியின் ஸ்கேன் படம் டாக்டரின் திரைக்குப் போய்விட்டதா என்று சர்வர் அறையில் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டது. கொஞ்சங்கூடத் தாமதமில்லை. அப்பாடா என்று நிமிர்ந்தபோது மூன்றாம் மாடியிலிருந்து கோமதியின் அம்மா போன் செய்தார். "புள்ள போயிருச்சு சாமி" என்றார். மூளையில் ரத்தக்கசிவு. காலையில் சேந்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்த கோமதி, நாங்கள் இருவரும் வேலை பார்த்த இந்தச் சேலம் மருத்துவமனையின் வாசலிலேயே சரிந்துவிட்டார்.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் வேலை என்னவென்று சரியாகத் தெரிந்திருக்காது. மருத்துவமனையின் சர்வர்களையும், படங்களும் ரிப்போர்ட்டுகளும் சேரும் டிஸ்க்குப் பெட்டிகளையும் ஒரு ஸ்விட்ச் இணைக்கிறது. எந்த சர்வர் எந்த டிஸ்க்கைப் பார்க்கலாம் என்று அதற்குள் வகுத்து வைப்பதை ஜோன் என்போம். கோமதி ஒரு ஜோனில் ஒரு சர்வருக்கு மேல் விடமாட்டார். "கூட்டுக் குடும்பமெல்லாம் டிஸ்க்குக்கு ஆகாதுங்ண்ணா. ஒண்ணுக்குக் கிறுக்குப் புடிச்சா மத்ததையும் கெடுத்துப்புடும்" என்பார். அவர் கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவர், அனுபவம் பேசியது.

ஒருமுறை புது டிஸ்க்குப் பெட்டி பொருத்த வெளியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். யாரிடமும் கேட்காமல், தான் எழுதிய புது ஜோன் மட்டும் இருந்த தொகுப்பை இயக்கிவிட்டார். ஸ்விட்ச்சில் ஒரு நேரத்தில் ஒரு தொகுப்புதான் ஓடும், அதனால் பழைய ஜோன்கள் அத்தனையும் செத்தன. மருந்துக் கவுன்டர், லேப், ஸ்கேன் எல்லாம் நின்றன.  கோமதி அவரை நகரச் சொல்லிவிட்டுப் பழைய தொகுப்பைத் திரும்ப இயக்கினார். பிறகுதான் வாய் திறந்தார். "ஏனுங்க, புது ஊட்டுக்குச் சாவி குடுக்கறேன்னுட்டு ஊரையே பூட்டிப்புட்டீங்களே." 

அன்றைக்குக் கோமதி ஒரு நடைமுறை கொண்டுவந்தார். எந்த மாற்றமானாலும் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர் திரையைப் பார்த்து ஆமாங்க என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும். நான் அயோத்தியாப்பட்டணத்துக்காரன், வெறும் ஆமா என்றுதான் எனக்கு வரும். "ங்க எங்கீங்ண்ணா போச்சு? அது வராம நான் அமுக்க மாட்டேன்" என்று உட்கார்ந்திருப்பார். 

இன்னொன்றிலும் பிடிவாதம். சர்வரை ஸ்விட்ச்சோடு இணைக்கும் கார்டு பழுதானால் புதுக் கார்டின் எண்ணை ஜோனில் சேர்ப்போம். பழைய எண் அப்படியே கிடக்கும். அவர் விடமாட்டார். "செத்துப்போனதோட பேரை உள்ள வெச்சிருக்கப்படாதுங்ண்ணா. அந்த வழியில யாராச்சும் நுழைஞ்சிருவாங்க" என்று அன்றே எடுக்க வைப்பார்.

காரியத்துக்குச் சேந்தமங்கலம் போயிருந்தேன். அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "படம் சீக்கிரமா வந்துச்சுன்னு டாக்டரு சொன்னாரு. நீங்களும் அவளும் சேந்து செஞ்சதாமா. அப்புறம் ஏன் சாமி?" என்று கேட்டார். அந்தப் படம் சேர்ந்த டிஸ்க்குக்கு ஜோன் கட்டியவரே கோமதிதான். அவர் செய்த வேலை அவருக்கே ஓடி வந்து நின்றது, ஆனாலும் பிரயோசனமில்லை. ஏன் என்று நான் யாரைக் கேட்பேன்? சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

திரும்பியதும் மேனேஜரின் உத்தரவு காத்திருந்தது. ஸ்விட்ச்சுக்குள் நுழைய கோமதியின் பெயரில் உள்ள கணக்கை நீக்க வேண்டும். நியாயம்தான், அவரே சொன்னதுதான். பெயரைத் தேர்ந்தெடுத்துச் சத்தமாக வாசித்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பட்டனை அழுத்தாமல் திரையை மூடினேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நடைமுறை ஒன்றுதான். அதை மீற மனம் வரவில்லை. பெயரை விட்டுவைப்பதும் அவருக்குப் பிடிக்காது. அவரை அறிந்தவர்கள் யாராவது ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். நான் வாசிக்கிறேன், நீங்கள் ஆமாங்க என்று சொல்லுங்கள். எனக்கு நானே அதைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.