சுத்தக்காரர் ஒட்டிய டேப்

தையல்கடைக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சுத்தக்காரர் என்றால்தான் தெரியும். அலமாரியில் ஒரு நூல்கண்டு கோணலாக இருந்தால் போதும், சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோய் நேராக்கிவிட்டு வருகிற ஆள்.

கடையின் பாதியை ஒரு கிழட்டு எம்பிராய்டரி மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்த பூவை ஃபிளாப்பி டிஸ்கில் ஏற்றி அதன் வாயில் கொடுத்தால் துணியில் தைத்துத் தரும். அந்த இடத்தின்மேல் அவர் மனைவிக்கு வெகுநாளாகக் கண். துணி வெட்ட அவளுக்குப் பெரிய மேசை வேண்டும். இருந்த கடைசிப் பழைய டிஸ்கும் கெட்டுப்போனது அவளுக்கு வசதியாகிவிட்டது.

"சாயங்காலத்துக்குள்ள இது புது டிஸ்கைப் படிக்கணும். இல்லேன்னா என் தம்பி வண்டியில ஏத்திட்டுப் போயிடுவான்."

அவரும் வீராப்பாகத் தலையாட்டிவிட்டார்.

மெஷின் பழைய ரக டிஸ்கைத்தான் படிக்கும். இப்போது கிடைப்பதோ இரண்டு மடங்கு கொள்ளும் ரகம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். புதியதில் மட்டும் மூலையில் கூடுதலாக ஓர் ஓட்டை. அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் ரகத்தைக் கண்டுகொள்ளும். ஓட்டையை மூடிவிட்டால் பழையது என்று நம்பி, மெஷினுக்குப் புரிகிறபடி எழுதிக் கொடுக்கும். இதெல்லாம் சுத்தக்காரருக்கு அத்துப்படி. காலையிலேயே டேப்பை அளந்து வெட்டி ஒட்டியிருந்தார். ஆனாலும் கம்ப்யூட்டர் மசியவில்லை.

சாயங்காலம் மைத்துனன் கயிற்றோடு வந்து நின்றான்.

"மாமா, மெஷினை மட்டும் தூக்கவா, உங்களையும் சேர்த்துத் தூக்கவா?"

"இருடா மச்சான். ஓட்டைய மூடியாச்சு, இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?"

மனைவி டிஸ்கை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். "எங்க மூடியிருக்கீங்க?"

"நல்லாப் பாரு. ஒட்டினதே தெரியக் கூடாதுன்னு கண்ணாடி டேப் போட்டிருக்கேன்."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுட்டா வீட்டுக்குள்ள இருக்கறது தெரியாதா? ஓட்டை வழியா எனக்கு விளக்கே தெரியுது, அதுக்குத் தெரியாதா?"

சுத்தக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டரில் டிஸ்கைச் செருகும் அந்த டிரைவ் ஓட்டையைப் பார்ப்பதே வெளிச்சத்தை வைத்துத்தான். ஓடிப்போய் அவளுடைய கத்தரிக்கோல் பிடியில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிய்த்தார். பஞ்சும் பிசிறுமாக, கோணல்மாணலாக ஒட்டினார். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் எழுதியது. சற்று நேரத்தில் மெஷின் கடகடவென்று ஒரு பூவைத் தைக்கத் தொடங்கியது.

"ஏன்க்கா, உன்னை யாரு வாயைத் தொறக்கச் சொன்னா?" என்றான் தம்பி.

"அதான்டா நானும் யோசிக்கிறேன்." இடுப்பில் கைவைத்து மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இது ஓடாத நேரத்துல மேல ஒரு பலகையப் போட்டு வெட்டிக்கிறேன்" என்றாள்.

"மெஷின் மேலயா?" என்று அவர் பதறினார்.

"கண்ணாடிப் பலகையா போட்டுக்கட்டுமா?"

பூ முடிந்ததும் அவரே போய், அவள் தூக்கிவந்த பலகையின் மறுமுனையைப் பிடித்தார்.