ஒன்பது நிமிட நோயாளி

எங்கள் பயிற்சி மையத்தில் அக்காவுக்கு வராத நோய் இல்லை. திங்கட்கிழமை நெஞ்சுவலி, புதன்கிழமை மூச்சிரைப்பு, வெள்ளிக்கிழமை சர்க்கரை. மருத்துவ உதவியாளர் படிப்புக்கு வருகிறவர்கள் நிஜ நோயாளியைத் தொடுவதற்கு முன் நோயாளியாக நடிக்கும் இவரைத்தான் பார்த்தாக வேண்டும். நாளைக்குச் சின்ன கிளினிக்குகளில் டாக்டருக்கு முந்தி விசாரித்து, சாதாரண நோய்க்குத் தாங்களே மருந்து எழுதப் போகிறவர்கள் அல்லவா? நான் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து நேரம் பார்த்து மணியடிப்பவன். ஒரு தேர்வுக்கு ஒன்பது நிமிடம்.

அக்காவிடம் ஒரு கார்டு இருக்கும். நோயாளி என்னென்ன சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கும். கடைசி வரியில் ஒரு ரகசியம்: மாத்திரையை நிறுத்திவிட்டேன், எடை குறைகிறது, இப்படி ஏதாவது. "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று மாணவர் கேட்டால் மட்டுமே அது வெளியே வரும். கேட்காவிட்டால் அக்கா மசியமாட்டார். கண்ணாடி போட்ட ஒருவனை இதற்காகவே இரண்டு முறை ஃபெயிலாக்கினார்.

"மத்ததெல்லாம் கேட்டேனே அக்கா" என்று அவன் அழாத குறையாகச் சொன்னான்.

"கேக்காம விட்டதுலதான்பா உயிர் போகும்" என்றார். எனக்கே அன்று அவர் மேல் கோபம்.

அக்காவின் கணவர் பஸ் டிரைவர். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். மாடிப்படியில் பாதி ஏறி நின்று, போன் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். பதினோரு வருடமாக நெஞ்சுவலி நடிப்பவரிடமே நடிப்பு! இருமலைச் சாக்காக வைத்து அக்கா அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப்போனார். வழியிலேயே அவர் கண்டிஷன் போட்டுவிட்டார். "இருமலுக்கு மட்டும்தான் மருந்து. நெஞ்சுன்னு நீ வாயைத் தொறந்தா, என்னை ஸ்டியரிங்கத் தொட விடமாட்டாங்க."

உள்ளே இருந்தது, ஒருவழியாகப் பாஸாகி வேலைக்கு வந்திருந்த அந்தக் கண்ணாடிக்காரன். அக்காவைப் பார்த்ததும் பழைய பயத்தில் இரண்டு தடவை கை கழுவினான். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டான், கண்ணைப் பார்த்துப் பேசினான், தொண்டையைப் பார்த்தான், முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தான். கடைசியில் ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தபடி கேட்டேவிட்டான்.

"வேற ஏதாவது சொல்லணுமா சார்?"

"ஒண்ணுமில்லப்பா."

முழு மதிப்பெண். அவன் பூரிப்போடு சிரப் எழுதத் தொடங்கினான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் உண்மையைக் கொட்டிவிடும் நோயாளி உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அவனை அப்படிப் பழக்கிவிட்டதும் தானேதான்.

"பொய் சொல்றாரு" என்றார் அக்கா. "படி ஏறினா நெஞ்சை அடைக்குது. இடது கை கடுக்குது. ஒரு மாசமா இப்படித்தான்."

கணவர் முறைத்தார். கண்ணாடிக்காரன் பேனாவைப் போட்டுவிட்டு ஈசிஜி எடுக்க ஓடினான். அன்று மாலையே பெரிய ஆஸ்பத்திரியில் அடைப்பை நீக்கினார்கள். பயந்தபடியே ஸ்டியரிங் போய்விட்டது. இப்போது அவருக்கு டிப்போவில் மேஜை வேலை. வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் அக்காவோடு பேசவில்லை. பத்தாம் நாள், "குழம்புல உப்பே இல்ல" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அடுப்படிக்குப் போய் அழுததாக அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

போன வாரத் தேர்வில் ஒரு மாணவி அழகாகக் கேட்டாள், "வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அக்கா. அவள் நன்றி சொல்லி எழுந்து வந்தாள். ஃபெயில்.

பொறுப்பாளர் பாய்ந்து வந்தார். "கேட்டா சொல்லணும்னுதானே கார்டுல இருக்கு?"

"என் வீட்டுக்காரர் கார்டு படிக்கல சார்."

அடுத்தவன் வந்தான். அவனும் கேட்டான், அவனுக்கும் "ஒண்ணுமில்ல"தான். ஆனால் அவன் எழவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தான். ஒன்பது நிமிடம் தாண்டிவிட்டது. நான் மணியடிக்கவில்லை.